நெற்றி விளக்கின் வட்டம்

என் அம்மா பால்மரம் வெட்டியவர். பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். 1970களில் தினமும் விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு, இருட்டோடு இருட்டாகத் தீம்பாருக்குள் நுழைவார். நெற்றியில் கார்பைடு விளக்கு. சின்ன டப்பாவுக்குள் கார்பைடுக் கல், அதன்மேல் சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீர், அதில் கிளம்பும் வாயு, முனையில் ஒரு வெள்ளைச் சுடர். பள்ளி விடுமுறையில் நானும் தம்பியும் பால் பிடிக்கும் மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் உரிக்கவும் கூடவே போவோம். கொசுவும் குளிரும் மறந்துவிட்டன. அந்த விளக்கு போட்ட வட்டம் மட்டும் மறக்கவில்லை. வட்டத்துக்குள் ஒரு மரம், மரத்தில் சரிவாக ஒரு வெட்டு, வெட்டில் ஊர்ந்து வரும் வெள்ளைக் கோடு. அதற்கு அப்பால் எல்லாம் கறுப்பு.

அந்த வட்டத்துக்குள் என் தம்பி வேறு பிள்ளையாகிவிடுவான். வீட்டில் அவனை ஐந்து நிமிஷம் உட்கார வைக்க முடியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்பார் பாட்டி. பள்ளியில் பெஞ்சுமேல் நின்றிருக்கிறான், வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறான், கொடிக்கம்பத்தடியில் வெயிலில் நின்றிருக்கிறான். புத்தகம் தொலைப்பான், சட்டைப் பொத்தான் தொலைப்பான், கடைக்கு அனுப்பினால் காசையும் தொலைத்து, எதற்குப் போனோம் என்பதையும் தொலைத்துவிட்டு வருவான். ஆனால் தீம்பாரில் அம்மாவுக்கு முன்னால் பத்து மரம் ஓடி, மங்கை எடுத்து, துடைத்து, கவிழ்த்து, அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று போய்க்கொண்டே இருப்பான். ஒரு மங்கைக்கூட விட மாட்டான். வகுப்பில் அரை மணி நேரம் உட்காராத பையன் காட்டில் நூறு மரத்தை எப்படி முடிக்கிறான் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ஆறாம் வகுப்போடு அவன் படிப்பு முடிந்தது. அதுவும் யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட எனக்குப் பல வருஷம் பிடித்தது. தம்பியின் மகனுக்கு இப்போது பத்து வயது. சுகாதார கிளினிக்கில் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் பொறுமையாகக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். சொல்வது காதில் விழாத மாதிரி இருக்கிறானா, ஆரம்பித்ததை முடிக்காமல் விடுகிறானா, பொருள்களைத் தொலைக்கிறானா, தன் முறை வரும்வரை காத்திருக்க முடியாமல் தவிக்கிறானா. ஏடிஎச்டி என்றார், அதாவது கவனக் குறைவு மிகையியக்கக் கோளாறு. திரும்பி வரும் வழியில் தம்பி வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சொன்னான்: “அண்ணே, அந்த டாக்டர் பையனப் பத்திக் கேக்கல. என்னைப் பத்தித்தான் கேட்டாங்க.”

அவன் சொன்னது சரி. ஏடிஎச்டி குடும்பத்தில் இறங்கும். இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால், மனிதருக்கு மனிதர் இதில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு மரபணுக்களிலிருந்து வருகிறது. கிட்டத்தட்ட உயரம் போல. கண்டிப்பு போதாத வளர்ப்பால் வருவதில்லை, செல்லம் கூடியதால் வருவதில்லை. ‘அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது, நாலு போட்டால் சரியாகிவிடும்’ என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தக் காலத்திலும் இருந்தது. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798இலேயே மனம் ஓரிடத்தில் தங்காத இந்த நிலையை எழுதி வைத்தார். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி மருத்துவர்கள் முன்னால் தொடர் உரையே ஆற்றினார். ஏடிஎச்டி என்ற பெயர் 1987இல் நிலைத்தது. உலகம் முழுவதும் பார்த்தால் இருபது பிள்ளைகளில் ஒருவருக்கு இது இருக்கும் என்பது பொதுவான கணிப்பு. நாலு போட்டுப் பார்த்த பிள்ளைகளில் ஒருவன் என் தம்பி. அவனுக்குச் சரியாகவில்லை.

பெயரில் ‘கவனக் குறைவு’ என்று இருப்பதால் ஒரு குழப்பம் வருகிறது. இந்தப் பிள்ளைகளுக்குக் கவனம் குறைவில்லை. அதை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரம்வரை பிடித்து வைப்பதில்தான் சிரமம். அந்த வேலை மூளையின் முன்பகுதியைச் சேர்ந்தது. எது முதலில், எது அப்புறம், எதை இப்போது தள்ளி வைப்பது என்று கணக்கு வைத்திருக்கும் இடம் அது. தோட்டத்துக் கிராணியின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தேசிய மனநலக் கழகத்தில் பிலிப் ஷா குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமானதாகப் பட்டது. ஏடிஎச்டி உள்ள 223 பிள்ளைகளையும் இல்லாத 223 பிள்ளைகளையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மூளையின் மேலுறை முழுத் தடிமனை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்கு நடுமதிப்பில் ஏழரை. ஏடிஎச்டி பிள்ளைகளுக்குப் பத்தரை. வளரும் வரிசை இரு பக்கமும் ஒன்றேதான். மூன்று வருஷத் தாமதம்தான் வித்தியாசம், அதுவும் முன்பகுதியில்தான் அதிகம். பத்து வயதுப் பையனிடம் அடங்கி உட்காரும் விஷயத்தில் ஏழு வயதுப் பையனைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டபோது, கொடிக்கம்பத்தடியில் நின்ற தம்பியை நினைத்து எனக்கு நெஞ்சு அடைத்தது.

இன்னொன்று டோப்பமின். நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டுபோகும் இரசாயனம். ‘இது செய்யத் தகுந்த வேலை, விடாதே’ என்று மூளைக்கு அடையாளம் போட்டுக் காட்டுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஏடிஎச்டி உள்ளவருக்கு இந்த ஏற்பாடு வேறு விதமாக ஓடுகிறது. தூரத்தில் இருக்கும் பலன் சீக்கிரமே மங்கிவிடும். ஆண்டிறுதிப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் சைக்கிள் என்பது மற்றப் பிள்ளைக்குக் கண்ணில் மின்னும். இவனுக்கு அது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடை. உடனே கிடைக்கும் சின்னப் பலன்தான் கையைப் பிடித்து இழுக்கும்.

இப்போது தீம்பாருக்குத் திரும்பிப் போவோம். பால்மரத்தை ஏன் இருட்டில் வெட்டுகிறார்கள்? வெயில் ஏறினால் இலை வழியே நீர் போகும், பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் தளரும், பால் ஓட்டம் குறையும். அதனால் விடியலுக்கு முன்னே. மரத்துக்கு ஏற்ற அந்த நேரம் என் தம்பியின் மூளைக்கும் ஏற்றதாக இருந்தது. இருட்டு, கண்ணை இழுக்கும் எல்லாவற்றையும் மூடி வைத்தது. விளக்கு ஒன்றை மட்டும் காட்டியது. உளவியலாளர் மைக்கேல் போஸ்னர் 1980இல் கவனத்தை ஓர் ஒளிவட்டத்துக்கு ஒப்பிட்டு எழுதினார்; அந்த வட்டத்தைத் தலைக்குள்ளிருந்து பிடிக்க முடியாதவனுக்கு நெற்றிக்கு வெளியே ஒன்றைக் கட்டிவிட்டது தோட்டம். வேலையும் அப்படித்தான். ஒருவர் பங்குக்கு 400, 500 மரம் என்றால் மலைப்பாக இருக்கும். ஆனால் கைக்கு வருவது ஒரே மரம். உளியை வைத்து ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவ வேண்டும். கூட அழுத்தினால் உயிர்ப்பட்டை காயப்பட்டுவிடும். சீவியதும் பால் கசியும். செய்தது சரி என்று மரமே அந்த நொடியில் சொல்லிவிடும். சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்கு அனுப்பும்.

தோட்ட வாழ்க்கை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அம்மாவின் முதுகு வளைந்ததும், சம்பளம் கடைக் கடனுக்கே போனதும், தம்பி மாதிரி எத்தனையோ பிள்ளைகள் படிப்பை விட்டுக் காட்டுக்கே போனதும் எனக்குத் தெரியும். நான் சொல்வது ஒன்றுதான். கவனம் என்பதை உள்ளே இருந்து வரவேண்டிய ஒழுக்கம் என்று நினைத்து அந்தப் பிள்ளைகளை அடித்தோம். கவனத்தில் பாதியைக் கைக்குப் பக்கத்தில் பொருளாகவே வைக்கலாம். கண் மங்கியவருக்குக் கண்ணாடி வாங்கித் தரும்போது நாம் ‘உற்றுப் பார்த்துப் பழகு’ என்று சொல்வதில்லை.

அந்த நினைப்போடுதான் தம்பி வீட்டில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். முதலில் பையன் படிக்கும் இடம். ஹாலில் தொலைக்காட்சிக்கு எதிரே இருந்த மேசையைச் சுவரோரம் திருப்பினோம். சுவரில் இருந்த வாய்ப்பாட்டு அட்டை, கால்பந்து வீரர் படம், காலண்டர் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, ஒரு மேசை விளக்கு வைத்தோம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2014இல் பாலர் வயதுப் பிள்ளைகள் 24 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். சுவர் முழுக்கப் படம் ஒட்டிய வகுப்பில் அவர்கள் பாடத்திலிருந்து விலகியிருந்த நேரம் 38.6 விழுக்காடு, வெறும் சுவர் வகுப்பில் 28.4. அவர்கள் ஏடிஎச்டி பிள்ளைகளும் அல்ல, பொதுவான பிள்ளைகள். நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இரவு கண்விழித்து வெட்டி ஒட்டிய அட்டைகள்மேல் எனக்கு மரியாதை உண்டு. கரும்பலகையைச் சுற்றி ஒரு முழம் மட்டும் வெறுமையாக விடுங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்வேன்.

அடுத்தது நேரம். இதுதான் நான் எதிர்பாராத விஷயம். ஒரு விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தது என்று காட்டிவிட்டு, அதே அளவு நேரத்தைத் திரும்பக் காட்டு என்று கேட்கும் சோதனைகள் இருக்கின்றன. ஏடிஎச்டி உள்ள பிள்ளைகள் அதில் கூடுதலாகத் தவறுகிறார்கள். ‘இன்னும் பத்து நிமிஷம்’ என்பது அவர்களுக்கு வெறும் சத்தம். கடிகார முள்ளைப் பார்த்தும் பயனில்லை, முள் எங்கே இருக்கிறது என்று அது சொல்லுமே தவிர, எவ்வளவு மீதி என்று சொல்லாது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜான் ரோஜர்ஸ் என்ற தாய், ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்று ஓயாமல் கேட்ட மகளுக்காக, சிவப்பு வட்டம் ஒன்று சுருங்கிக்கொண்டே போகும் கடிகாரத்தைச் செய்தார். டைம் டைமர் என்று அது இன்று உலகம் முழுவதும் வகுப்பறைகளில் இருக்கிறது.

நாங்கள் அதை வாங்கவில்லை. சாமி மேடையில் ஊதுபத்தி இருந்தது. சீனாவிலும் ஜப்பானிலும் ஒரு காலத்தில் ஊதுபத்தியைக் கடிகாரமாகவே வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுப் பத்தி சுமார் அரை மணி எரிகிறது. பித்தளைத் தண்டில் குத்தி, தாள்களுக்கு எட்டாத உயரத்தில், பையன் கண்ணுக்கு நேரே தம்பி மனைவி வைத்தார். பத்தியின் நடுவில் பேனாவால் ஒரு கோடு. சிவப்புக் கங்கு கோட்டுக்கு வரும்வரை கணக்கு, அப்புறம் வெளியே ஒரு ஓட்டம். முதல் நாள் பையன் கணக்கைவிடப் பத்தியைத்தான் பார்த்தான். சாம்பல் வளைந்து, வளைந்து, உதிரும்வரை பார்த்தான். அவனுக்கு நேரம் போவதைக் கண்ணால் காண்பது அதுவே முதல் தடவையாக இருக்கவேண்டும். மூன்றாம் நாள் அவனே கேட்டான், “பெரியப்பா, கோட்டுக்குள்ள ஆறு கணக்கு முடிச்சிடவா?” தனக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, அதற்குள் எவ்வளவு முடியும் என்று அவன் மதிப்பிட்டுக் கேட்டது அன்றுதான். இளைப்பு உள்ள பிள்ளைக்குப் புகை ஆகாது, அவர்கள் மணல் கடிகாரம் வைத்துக்கொள்ளலாம். பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலியர் 1980களின் இறுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவ அடுப்படிக் கடிகாரத்தை வைத்து 25 நிமிஷம் வேலை, ஐந்து நிமிஷம் ஓய்வு என்று தனக்கு வகுத்துக்கொண்டதும் இதே வழிதான். பெரிய வேலையை மரம் மரமாகப் பிரிப்பது.

மறதிக்கு ஒரு செக்ரோல் போட்டோம். தோட்டத்தில் கிராணி கையில் இருக்கும் செக்ரோலில் யார் வந்தார், யார் வரவில்லை என்று தினமும் குறி விழும். எந்தக் கிராணியும் நூறு பேரை மனத்தில் வைத்துக்கொண்டதில்லை. நம் எல்லாருடைய மனப்பலகையும் சின்னதுதான். ஒரே நேரத்தில் சுமார் நான்கு விஷயம் நிற்கும் என்று நெல்சன் கோவன் 2001இல் கணித்தார். ஏடிஎச்டி உள்ளவருக்குப் பலகையில் எழுதியது சீக்கிரம் அழிந்தும் போகிறது. பல்லைத் தேய்த்து, சட்டை மாட்டி, பையை எடுத்து, தண்ணீர்ப் போத்தலை மறக்காமல் வா என்று ஒரே மூச்சில் சொன்னால் பல் மட்டும் தேய்க்கப்படும். ரசல் பார்க்லி என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாக வற்புறுத்துவது இது: நினைவூட்டல் வேலை நடக்கும் இடத்திலேயே இருக்கவேண்டும். அதனால் ஒரே பெரிய பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவதை விட்டுவிட்டு, போத்தல் படத்தைச் செருப்பு கழற்றும் இடத்திலும், பைப் படத்தை வாசல் ஆணியிலும் ஒட்டினோம். அதோடு ஒரு வாசகம்: செருப்பைக் கழற்றினால் பை ஆணிக்குப் போகும். ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பதைப் பீட்டர் கோல்விட்சர் நெடுநாள் ஆராய்ந்தவர்; ஏடிஎச்டி பிள்ளைகளிடமும் அது வேலை செய்வதை அவரும் காத்தெரினா கௌரிலோவும் 2008இல் காட்டினார்கள். முடிவெடுக்கும் சுமை அந்த நொடியில் இல்லாமல் போகிறது.

கையின் கதை வேறு. பையனின் கை எப்போதும் எதையாவது நோண்டிக்கொண்டே இருக்கும். அழிப்பானைப் பிய்ப்பான், மேசை விளிம்பைச் சுரண்டுவான். ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’ என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2015இல் ஏடிஎச்டி பிள்ளைகளின் காலில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிச் சோதித்தபோது, அதிகமாக அசைந்த நேரங்களில்தான் அவர்களுடைய விடைகள் கூடுதலாகச் சரியாக இருந்தன. மற்றப் பிள்ளைகளிடம் அப்படி இல்லை. அசைவு கவனத்தைக் கெடுக்கவில்லை, தாங்கிப் பிடிக்கிறது. தூக்கம் வராமலிருக்க நாம் எழுந்து நடப்பதுபோல அந்த மூளை தன்னைத் தானே தட்டி எழுப்பிக்கொள்கிறது என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? 2017இல் எல்லாப் பிள்ளைகள் கையிலும் சுழன்ற ஸ்பின்னர் நினைவிருக்கும். பாசார் மாலாம் கடைகளில் குவித்து வைத்திருந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அது கவனத்தைக் கெடுத்தது என்றே தெரிந்தது. காரணம் எளிது, சுழலும் பொருளைக் கண் பார்க்கும். கைக்கு வேலை கொடுத்து, கண்ணைக் கூப்பிடாத பொருளாக இருக்கவேண்டும். தம்பிக்கு உடனே பால்மரக் கொட்டை ஞாபகம் வந்தது. எங்கள் தலைமுறை மலேசியத் தமிழர்களுக்கு இதை விளக்கவேண்டாம். காய் வெயிலில் காய்ந்து ‘டப்’பென்று வெடிக்கும், கொட்டை தூரத்தில் போய் விழும். பழுப்பில் கறுப்புக் கீற்று, மேலே எண்ணெய் பூசியது போல வழுவழுப்பு, ஒரு பக்கம் லேசாகத் தட்டை. சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து அடுத்தவன் கையில் சூடு வைப்பது அன்றைய விளையாட்டு. ஊரைச் சுற்றிப் பாதித் தோட்டம் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டதால் தேடி அலைந்துதான் நான்கு கொட்டை பொறுக்கி வந்தான். இப்போது பையனின் இடது கால்சட்டைப் பையில் ஒன்று இருக்கிறது. வலது கை எழுதும்போது இடது கட்டைவிரல் அந்தத் தட்டைப் பக்கத்தை உருட்டிக்கொண்டே இருக்கும். சத்தமில்லை, யாருக்கும் தெரியாது. வகுப்பாசிரியையிடம் எடுத்துச் சொன்னோம், பையிலேயே இருந்தால் சரி என்றார். அவருக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

மழை நாளில் அவன் நன்றாகப் படிக்கிறான் என்பதைக் கண்டுபிடித்தது அவன் அம்மா. பின்கட்டுக்கு இன்னும் தகரக் கூரைதான். மழை அடித்தால் பக்கத்தில் பேசுவது கேட்காது. அந்த இரைச்சலில் எப்படிப் படிக்கிறான்? இதற்குக் கிடைத்த விளக்கம் இந்தத் தேடலிலேயே என்னை மிகவும் அதிசயப்பட வைத்தது. அமெரிக்க ஆறுகளில் துடுப்பு மாதிரி நீண்ட மூக்குள்ள மீன் ஒன்று உண்டு. கலங்கிய நீரில், சின்ன மிதவை உயிர்களின் மிக மெல்லிய மின்துடிப்பை அந்த மூக்கால் உணர்ந்து பிடித்துத் தின்னும். 1999இல் ஆய்வாளர்கள் அந்த நீரில் அளவாக மின் இரைச்சலைக் கலந்தார்கள். மீன் தடுமாறவில்லை. முன்பைவிடத் தூரத்தில் இருந்த இரையையும் பிடித்தது. இரைச்சலை இன்னும் கூட்டியபோதுதான் தடுமாறியது.

வாசற்படியை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய செய்தி படியின் உயரத்துக்குச் சற்றுக் கீழே நின்று தவிக்கிறது. பின்னணி இரைச்சல் அலை அலையாக வந்து அதைத் தூக்கிவிட, அவ்வப்போது படியைத் தாண்டி உள்ளே வந்துவிடுகிறது. ஏடிஎச்டி உள்ள மூளையில் உள்ளிருந்து வரும் இந்த இரைச்சல் குறைவு, அதனால் வெளியிலிருந்து கொஞ்சம் கொடுத்தால் உதவும் என்பது சுவீடனின் யோரான் சோடர்லுண்ட் குழுவினர் 2007இல் முன்வைத்த கருத்து. அவர்கள் சோதனையில் அந்தப் பிள்ளைகள் இரைச்சலோடு நன்றாகச் செய்தார்கள், மற்றப் பிள்ளைகளுக்கு அதே இரைச்சல் இடைஞ்சலானது. 2024இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, 13 ஆய்வுகளில் பங்கெடுத்த 335 பேரை ஒன்றாகப் பார்த்து, இந்த நன்மை சிறியது, ஆனால் உண்மையானது என்று கண்டது. ஏடிஎச்டி இல்லாதவர்களுக்குச் சற்றுக் கெடுதலே. ஒரே மழை, ஒரே கூரை. பையனின் அக்காள் காதைப் பொத்திக்கொள்கிறாள், பையன் கணக்குப் போடுகிறான். மழையில்லாத நாளுக்குப் பழைய மேசை விசிறி இருக்கிறது. பாட்டு உதவாது, சொல் இருந்தால் மனம் அதன் பின்னால் போய்விடும்.

அக்காளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவளுக்கு ஏடிஎச்டி இல்லை. ஆனால் பெண் பிள்ளைகளிடம் இது பெரும்பாலும் ஓட்டமாக வெளிப்படுவதில்லை. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் அமைதியான பிள்ளையாக, ‘நல்ல பிள்ளை, கொஞ்சம் மந்தம்’ என்ற பேரோடு வகுப்பின் ஓரத்தில் இருந்துவிடுகிறாள். யாருக்கும் தொந்தரவில்லாததால் யாரும் மருத்துவரிடம் அழைத்துப்போவதில்லை. அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பார்க்கவேண்டும்.

வீட்டில் நடப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது சாயங்கால நெத்திலி. தம்பி மனைவி மேசையில் நாளிதழை விரித்து, காய்ந்த நெத்திலியைக் கொட்டி, தலையைக் கிள்ளிக் கிள்ளி ஒரு பக்கம் ஒதுக்குவார். எதிரே பையன் எழுதுவான். அவர் நோட்டை எட்டிப் பார்ப்பதில்லை, ‘எழுது எழுது’ என்பதில்லை. எழுந்து போனால் பையனும் இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிடுவான். உட்கார்ந்திருந்தால் அவனும் உட்கார்ந்திருப்பான். ஏடிஎச்டி உள்ள பெரியவர்கள் பலர் இந்த வழியைத் தாங்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். 1898இலேயே நார்மன் டிரிப்லெட் என்பவர், பிள்ளைகளில் பலர் தனியாக இருப்பதைவிடப் பக்கத்தில் இன்னொரு பிள்ளையும் சுற்றும்போது தூண்டில் ராட்டையை வேகமாகச் சுற்றுகிறார்கள் என்று எழுதினார். நம் பெண்கள் சேர்ந்து முறுக்குச் சுடுவதும், லயத்து வாசலில் கூடி அரிசி புடைத்ததும் சும்மா அல்ல.

கோபம் ஏறிவிட்டால் மைலோ. சூடாகக் கலந்து கையில் கொடுத்துவிட்டு, ஊதிக் குடி என்று சொன்னால் போதும். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமெடுக்கும், விடும்போது தணியும். ஊதுவதென்றால் நீளமாக விடத்தானே வேண்டும். ‘நிதானமாக மூச்சு விடு’ என்று கொதித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் சொன்னால் இன்னும் கொதிக்கும், குவளை அதைச் சொல்லாமல் செய்ய வைக்கிறது. படிக்க உட்காருமுன் ஒரு நடையும் உண்டு. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் 2009இல் ஏடிஎச்டி உள்ள 17 பிள்ளைகளை 20 நிமிஷம் பூங்காவிலும், கடைத்தெருவிலும், குடியிருப்பிலும் நடக்க வைத்துப் பார்த்ததில் பூங்கா நடைக்குப் பிறகே கவனம் நன்றாக இருந்தது. இங்கே பூங்கா தேடவேண்டியதில்லை, வீட்டுக்குப் பின்னால் மிச்சமிருக்கும் பால்மர வரிசை இருக்கிறது.

இவையெல்லாம் மருந்துக்கு மாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. மெத்தில்பெனிடேட் 1944இல் சுவிட்சர்லாந்தில் உருவானது. முன்பகுதி மூளைக்கு டோப்பமின் கூடுதலாகக் கிடைக்கச் செய்யும் அந்த மருந்து பல பிள்ளைகளுக்கு வகுப்பறைக் கதவையே திறந்திருக்கிறது. நம் சுகாதார அமைச்சு 2008இல் ஏடிஎச்டி சிகிச்சைக்கு வழிகாட்டி வெளியிட்டு, 2020இல் அதைப் புதுப்பித்திருக்கிறது. மருந்து வேண்டுமா என்பது டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டியது. சமூகநலத் துறையின் மாற்றுத்திறனாளி அட்டைக்குக் கற்றல் சிக்கல் என்ற பிரிவில் ஏடிஎச்டியும் வரும். வெட்கப்பட்டுக்கொண்டு விண்ணப்பிக்காத பெற்றோரை எனக்குத் தெரியும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

தம்பி பாடாங் செராயில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். முப்பது வருஷமாக அவன் பட்டறையைப் பார்க்கிறேன், இப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சுவரில் அதன் உருவம் சாயத்தில் வரைந்திருக்கிறது. கழற்றிய திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே பழைய மங்குகளில் போட்டு வைக்கிறான். வாடிக்கையாளர் சொன்னதை வண்டியின் டேங்கிலேயே டேப் ஒட்டி எழுதுகிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தலையில் நிற்காததை எல்லாம் சுவரிலும் மங்கிலும் டேங்கிலும் நிறுத்தி வைத்துப் பிழைத்திருக்கிறான்.

போன மாதம் ஒரு ராத்திரி கரண்டு போய்விட்டது. நல்ல மழை. பட்டறையில் தம்பி நெற்றியில் எல்இடி விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு கார்பரேட்டரைப் பிரித்து வைத்திருந்தான். பையன் பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தான்.

“அப்பா, இன்னொரு லைட் இருக்கா?”

இருந்தது. வாரை இறுக்கிக் கட்டிவிட்டான் தம்பி. பையன் கணக்கு நோட்டை எடுத்து வந்து, பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வட்டத்துக்குள் கார்பரேட்டர், இன்னொரு வட்டத்துக்குள் பின்னக் கணக்கு. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவே இல்லை.